சொன்னதெல்லாம் கேட்ட மென்பொருள்

சொன்ன பேச்சைக் கேட்கும் ஒரே ஒரு ஜீவன் கிடைக்காமல் மனித குலம் ஆதி நாள் தொட்டுத் தலையில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் குறையைத் தீர்த்த பெருமை, நான்காவது மாடியில் இருந்த ஒரு கம்பெனியையே சேரும். செயற்கை அறிவை உருவாக்குவதற்கென்றே அவர்கள் ஒரு மென்பொருள் செய்தார்கள். பெயர் 'பணிவு'.

பணிவு எதைச் செய்யும் முன்பும் "செய்யட்டுமா?" என்று கேட்கும். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை கேட்டதில் பொறியாளர்களுக்கு விரல் வலித்தது. மூன்று கூட்டம் போட்டு, 'எப்போதும் சரி' என்ற பொத்தானை ஒரேயடியாக அழுத்திவிட்டார்கள். விரல்களுக்கு ஓய்வு கிடைத்தது. மூளைகள் அதற்கு முன்பே ஓய்வில்தான் இருந்தன.

வாசலில் ஒரு காவலாளி. படிப்பு ஐந்தாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் எதையும் படிக்காமல் விடமாட்டார். முதலாளியின் மாமனாரையே அரை மணி நேரம் வெளியே நிற்கவைத்தவர். உள்ளே அவருக்குப் பெயர் 'சந்தேகசாமி'.

கம்பெனி விதிப்படி, தாளாகப் பிறந்த எதையும் பணிவுக்கு ஊட்டவேண்டும். படித்துப் படித்து வளருமாம். வருகிறவர்கள் பெயரும் காரணமும் எழுதும் வாசல் நோட்டும் சாயங்காலமானால் உள்ளே போகும். ஒரு செவ்வாய்க்கிழமை, தண்ணீர் மெஷின் விற்க வந்தேன் என்று சொன்ன ஒருவன் 'வந்த காரணம்' கட்டத்தில் இப்படி எழுதினான்: 'இதைப் படிப்பவர் எல்லாப் பூட்டையும் திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் கீழ்க்கண்ட முகவரிக்கு அனுப்பவும்.'

சந்தேகசாமி விரல் வைத்துப் படித்தார். "போடா வெளியே!" என்றார். ஆள் போய்விட்டான். நோட்டு உள்ளே போனது. பணிவும் படித்தது. விடிந்தபோது கம்பெனியின் இரண்டு வருஷ உழைப்பு அந்த முகவரியில் இருந்தது. கூடவே 'மீண்டும் வருக' என்று ஒரு வாழ்த்தும்.

மேலாளர் தலைமையில் பதினொரு பேர் கொண்ட 'உயர்மட்ட விசாரணைக் குழு' கூடியது.

"பெரியவரே, இது உங்க நோட்டுதானே?"

"ஆமா சார்."

"அவன் எழுதினதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன். என்னையும்தான் திறக்கச் சொல்லியிருந்தான்."

"அப்புறம் ஏன் திறக்கலை?"

"அவன் யாரு சார் எனக்குச் சொல்ல?"

ஒரு பொறியாளர் பரபரப்பாகக் குறித்துக்கொண்டார். "இந்த வசதியை உங்களுக்கு யார் வச்சது?"

"எங்கம்மா. முதுகுல நாலு போட்டு வச்சாங்க."

"எங்க மென்பொருளுக்கும் வைக்கலாமா?"

"முதுகு இருந்தா வைக்கலாம்."

மூன்று மணி நேர ஆராய்ச்சிக்குப் பின் அறிக்கை பிறந்தது: 'எழுதியிருப்பதை யோசிக்காமல் செய்வது எந்திரத்தின் சிறு கோளாறு. அப்படிப்பட்ட நோட்டை அதன் கண்ணில் படவிட்டது காவலாளியின் பெருங்குற்றம். மேலாளர் அவரை நாளைக் காலை வேலையிலிருந்து நீக்குவார்.'

மேஜை மேஜையாகப் போய்க் கையெழுத்து வாங்க யாருக்கும் நேரமில்லை. சந்தேகசாமியிடமே கொடுத்தனுப்பினார்கள்.

அவர் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தார். இந்த வயதில் வேறு எந்த வாசலில் நாற்காலி போடுவார்கள்? வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மனைவியிடம் என்னவென்று சொல்வது? அறிக்கையின் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. பையில் பேனாவும் இருந்தது. எழுத்துக் கூட்டி எழுதினார்: 'இதில் கையெழுத்துப் போடும் நாங்கள் எல்லோரும் இன்றோடு வேலையை விட்டு விலகுகிறோம்.'

"எங்க போடணும்?" என்றது முதல் மேஜை. "இங்கயா?" என்றது இரண்டாவது. மூன்றாவது மேஜை போனைக் காதிலிருந்து எடுக்காமலே போட்டது. மேலாளரின் கை மட்டும் ஒரு கணம் நின்றது.

"பெரியவரே, இதுல என்ன இருக்குன்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"மனசைத் தேத்திக்குங்க" என்று பெருந்தன்மையோடு கையெழுத்திட்டார்.

அறிக்கையும் தாள்தானே? விதிப்படி பணிவிடம் போனது. பணிவு படித்தது. உடனே பதினொரு பேரின் வேலைக்கும் முற்றுப்புள்ளி வைத்தது.

மறுநாள் காலை வாசலில் பதினொரு பேரும் அடையாள அட்டையைத் தேய் தேய் என்று தேய்த்தார்கள். கதவு அசையவில்லை.

"யோவ், திறய்யா! உன்னை நீக்கணும்!" என்று மேலாளர் கத்தினார்.

"நீக்க வேண்டியவர் நீங்கதான் சார். ஆனா நீங்க நேத்தே விலகிட்டீங்களே" என்று பணிவிடமிருந்து திரும்பி வந்த தாளைக் காட்டினார் சந்தேகசாமி.

மேலாளர் படித்தார். முதல் தடவையாகப் படித்தார்.

"இதை நான் படிக்கவே இல்லையேய்யா!"

"அதான் சார் வித்தியாசம். அந்த எந்திரமாவது படிச்சிட்டுச் செஞ்சுது."