முழங்காலுக்குப் பிடித்த சளி

"ஷூ சரியில்லையா, கால் சரியில்லையா? ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க" என்றார் வடிவமைப்பாளர்.

நடைக்காரர் கூடத்தின் மறுமுனை வரை நடந்துபோய்த் திரும்பினார். அந்தக் காலணித் தொழிற்சாலையில் அவருடைய வேலையே அதுதான். புதிதாகத் தைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு நடப்பார். வெட்டுகிறவர், ஒட்டுகிறவர், தைக்கிறவர் எல்லோரும் கைவேலையை நிறுத்திவிட்டு அவர் நடையைக் கவனிப்பார்கள். குதிகால் எங்கே சாய்கிறது, விரல் எங்கே மடங்குகிறது என்று பார்த்து ஷூவைத் திருத்துவார்கள். கால்தான் அவர் பிழைப்பு.

அந்தக் கால்தான் இப்போது அவரைக் கவிழ்த்துவிட்டது. இருமலும் காய்ச்சலும் வந்து போன கையோடு வலது முழங்கால் வீங்கிக்கொண்டது. சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில், "ஷூதான் இறுக்குது" என்று சொல்லிவைத்தார்.

ஷூவைத் தளர்த்தினார்கள். நொண்டினார். குதியை உயர்த்தினார்கள். இன்னும் நன்றாக நொண்டினார். மறுபடியும் பிரித்துத் தைக்க வேண்டிவந்தபோது வடிவமைப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் நடைக்காரர் டாக்டரிடம் போனார்.

"சளிக் கிருமி முட்டிக்குள்ள போகுமா டாக்டர்?"

"பெரும்பாலும் கிருமி போறதில்ல. அத அடிக்கக் கிளம்புற நம்ம உடம்போட படைதான் வழியில முட்டியையும் ரெண்டு தட்டு தட்டிட்டு வரும். கொஞ்ச நாள்ல அடங்கிரும்."

"கிருமியே போகாதுன்னு உறுதியாச் சொல்வீங்களா?"

"சில கிருமி போகலாமோன்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க. சத்தியமெல்லாம் என்னால பண்ண முடியாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோனார். கேட்ட மனைவி ஒரு முகக்கவசத்தை எடுத்து அவர் முழங்காலில் மாட்டினாள்.

"என்ன இது?"

"உள்ள இருக்கிறது வெளிய வரக் கூடாதுல்ல? இருமுனா வாய மூடுறோமே, அது மாதிரி."

"முட்டி இருமாதும்மா."

"அதுக்குள்ள என்ன இருக்குன்னு டாக்டருக்கே தெரியலங்கறீங்க. இருமாதுன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

இனியும் மறைப்பது பாவம் என்று மறுநாள் மேலாளரிடம் உள்ளதைச் சொன்னார். மேலாளர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"வீட்டுல படுங்க. சம்பளம் தானா வரும். இங்க யாருக்கும் பரவாம இருந்தாச் சரி." ஒலிபெருக்கியிலும் சொன்னார்: முட்டி வலிப்பவர்கள் உடனே வீட்டுக்குப் போகலாம்.

வீக்கம் பாதி வடிந்ததும் நடைக்காரர் வேலைக்குத் திரும்பினார். ஒட்டும் பிரிவு அக்கா எதிரே நொண்டிக்கொண்டு வந்தார். வலது கால்.

"என்னக்கா ஆச்சு?"

"முட்டிதான் தம்பி. நேத்துலேருந்து."

"சளி புடிச்சுதா?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "புடிச்ச மாதிரிதான் இருந்துச்சு."

நடைக்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். அடுத்து வெட்டுகிறவர் நொண்டினார். அவருக்கும் வலது. தையல்காரர் ஒருவருக்குக் காலையில் வலது, மதியம் இடது. கிருமி ஒரே நாளில் கால் மாறுகிறதே என்று நடைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பரவலைத் தடுக்க ஒரு பெட்டி முகக்கவசம் வாங்கிவந்து, நொண்டுகிறவர்களின் முழங்காலில் தன் கையாலேயே மாட்டிவிட்டார். முழங்காலில் கவசத்தைப் பார்த்த மாத்திரத்தில் மேலாளர் அவர்களை வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த நாள் கவசம் கேட்டு வரிசையே நின்றது. எல்லோரும் வலி தாங்காமல் அவருடைய தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

இயந்திரங்கள் ஓய்ந்தன. வெறும் கூடத்தில் வடிவமைப்பாளர் மட்டும் தைக்காத ஷூக்களோடு உட்கார்ந்திருந்தார்.

"அனுப்ப வேண்டிய சரக்கு அப்படியே நிக்குது. முதலாளி இழுத்து மூடிருவாரு போல" என்றார்.

நடைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. ஒற்றை முழங்காலால் இத்தனை குடும்பத்தை முடக்கிவிட்டோமே என்று உருகிப்போனார். அவர் இங்கே இருக்கும்வரை கிருமியும் இருக்கும். ராஜினாமாவை எழுதிக்கொண்டு போனார். மேலாளர் அதைத் தொடாமல், மேசை ஓரத்தில் வைக்கச் சொன்னார்.

"நல்ல மனசு உங்களுக்கு" என்றார். போகாதீர்கள் என்று சொல்லவில்லை.

இனி யாரும் பார்க்காத நடையோடு அவர் கூடத்தைக் கடந்தார். வாசல்படி இறங்கும்போது முழங்காலில் ஊசி இறங்கியது போல் வலித்து, தன்னை அறியாமல் முனகிவிட்டார். வாசலில் நின்ற காவல்காரப் பெண் ஓடிவந்து தாங்கிக்கொண்டாள்.

"என்ன மன்னிச்சுரும்மா. எல்லாருக்கும் என்னாலதான் வந்துச்சு" என்றார் அவர்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உங்க நடையப் பாத்துப் பாத்துத்தான் சார் நாங்க அத்தன பேரும் நொண்டப் பழகினோம், ஆனா படியில போடுறீங்களே அந்த முனகல், அத மட்டும் விட்டுருங்க, நடிப்புன்னு அப்பட்டமாத் தெரியுது."