எட்டாம் நம்பர் பைப்பும் பொட்டும் அண்ணனும்

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் இதுவரை உடைந்த எல்லாப் பொருளும், உடைவதற்கு முன்பே பொட்டும் அண்ணனால் அறிவிக்கப்பட்டவை. சாயாக்கடை பெஞ்சு, பஸ் ஸ்டாப் கூரை, ரேஷன் கடை ஷட்டர், வாய்க்கால் பாலத்தின் கைப்பிடி. எதையும் அவர் தொட்டதுகூட இல்லை. நின்று பார்ப்பார். தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். பெருமூச்சு விட்டு, "பொட்டும்" என்பார். எங்கள் பக்கத்தில் பொட்டும் என்றால் உடையும், வெடிக்கும், விட்டுப்போகும், எல்லாம்தான். சொல்லிவிட்டு அவர் போய்விடுவார். அது தன் நேரத்துக்குப் பொட்டும்.

அவருடைய சொந்தப் பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தது. வேறு எங்கும் இல்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு குன்னத்துகாலில் ரப்பர் வெட்டு, மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. மழை வந்தால் வெட்டு இல்லையே என்று கவலை. மழை வராவிட்டால் வெட்டு உண்டு, ஆனால் தோட்டத்தில் பாம்பு உண்டே என்று கவலை. இப்படியே பன்னிரண்டு வருஷம் போனது. கடைசியில் என் மனைவிதான், "வெல்டிங் படிச்சிட்டு வெளிநாடு போனா பாம்புக்கு பேடிக்காண்டாம்" என்று சொல்லி, பாறசாலைக்குப் பக்கத்தில் பூட்டிப்போட்ட பழைய அண்டி ஆபீஸில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், நடந்த வெல்டிங் பயிற்சி நிலையத்தில் என்னைச் சேர்த்துவிட்டாள். வாசலில் 'மூன்றே மாதத்தில் வெளிநாடு' என்று போர்டு இருந்தது. நான் சேரும்போது மழையில் 'மூன்றே மாதத்தில்' அழிந்து, 'வெளிநாடு' மட்டும் மிச்சம் இருந்தது.

முதல் நாள் இரண்டு இரும்புத் தகடுகளைச் சேர்த்து வெல்டு வைக்கச் சொன்னார் சார். கப்பல் கட்டும் இடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மலையாளம் மட்டும்தான் பேசுவார். வெல்டிங் ராடு தகட்டில் ஒட்டிக்கொண்டது, பிடுங்கினேன், மறுபடி ஒட்டிக்கொண்டது. அரை மணி நேரம் கழித்து சார் வந்து பார்த்தார்.

"மோனே, இது வெல்டிங் அல்ல. காக்கா தூறியதாணு." காக்கா எச்சமிட்டதாம்.

எனக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல், துக்க வீட்டில் பேசுகிற மாதிரி மெல்ல, "பொட்டும்" என்றது.

சார் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டு தகடும் இரண்டு பக்கமாக விழுந்தன. திரும்பிப் பார்த்தேன். ஒல்லியான, நரைத்த தாடி வைத்த ஒரு மனுஷன். இவர்தான் பெரிய பரிசோதகர் போலிருக்கிறது என்று எழுந்து நின்று கும்பிட்டுவிட்டேன். பரிசோதகரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எனக்கு முன்னால் நாலு பேட்ச் படித்து, நாலு டெஸ்டிலும் தோற்று, ஐந்தாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்த மாணவர்.

சாயாக்கடை பெஞ்சு பொட்டியதை நானே பார்த்தேன். இரும்புக் கால் வைத்த பெஞ்சு. சாயா குடிக்கப் போனபோது குனிந்து காலைப் பார்த்தார். "பொட்டும்" என்றார். சொல்லிவிட்டு அதிலேயே உட்கார்ந்தார். மூன்றாவது மிடறில் கிளாஸோடு கீழே கிடந்தார்.

"தெரிஞ்சிட்டும் எதுக்கு அண்ணே இருந்திய?" என்று தூக்கிவிட்டுக்கொண்டே கேட்டேன்.

"வேற எடம் இல்லியே மக்கா" என்றார். முகத்தில் வலியைவிட ஒரு கவலைதான் அதிகம் இருந்தது. சாயா கொட்டிப்போன கவலை.

ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு கல்யாணம். வாசலில் இரும்புக் கம்பியில் வளைவு வைத்து பூ சுற்றியிருந்தார்கள். அண்ணன் அண்ணாந்து பார்த்தார். பக்கத்தில் கை கூப்பி வரவேற்றுக்கொண்டிருந்த பெண்ணின் அப்பாவிடம், ஆறுதல் சொல்லுகிற குரலில், "பொட்டும்" என்றார். அந்த மனுஷனுக்கு வேர்த்து, நெஞ்சைப் பிடித்து, சோடா வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தத் தம்பதி இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறார்கள். வளைவுதான் மத்தியானம் பிரியாணி நேரத்தில் விழுந்தது. அதோடு அண்ணனுக்கு கல்யாணக் கடிதம் வருவது நின்றுபோனது.

இப்படிப்பட்டவர் பக்கத்தில் என்னைப்போல வெப்ராளம், அதாவது பதற்றம், பிடித்தவன் உட்கார்ந்து தொழில் படித்தால் எப்படி இருக்கும்? காலையில் எழுந்ததும் கையை நீட்டிப் பார்ப்பேன், நடுங்குகிறதா என்று. பார்ப்பதால் நடுங்கும்.

இரண்டாம் வாரம் முகத்தை மூடும் ஷீல்டு இல்லாமல் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டேன். மறுநாள் விடிந்தபோது கண்ணுக்குள் ஒரு லோடு மணல். திறக்க முடியவில்லை. குருடாகிவிட்டேன் என்று முடிவு செய்து, பாசஞ்சர் ரயிலில் பாட்டுப் பாடிப் பிழைப்பது வரைக்கும் யோசித்துவிட்டேன். எனக்குப் பாட்டும் வராது. அப்போது வாசலில் காலடிச் சத்தம். அண்ணன் அஞ்சு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்திருந்தார். பையிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்து வட்டமாக வெட்டி என் கண்மேல் வைத்தார். காய்ந்ததும் எடுத்துவிட்டு வேறு வைத்தார். மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, கண்ணு திரும்பக் கிட்டுமா?"

"கஷ்டமாக்கும் மக்கா" என்றார். "நீ அசையாமக் கெட."

சாயங்காலம் கண் திறந்தது. அவருக்கு நம்ப மனசு வரவில்லை. இரண்டு விரலைக் காட்டி எத்தனை என்று மூன்று தடவை கேட்டார்.

இத்தனை அவநம்பிக்கை உள்ள மனுஷனுடைய கை இருக்கிறதே, அது வேறு ஜாதி. அவர் வைக்கிற வெல்டு மீன் செதிள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விழும். பூவாரிலிருந்து வந்து படித்த கடல்காரர் ஒருவர் அதைத் தடவிப் பார்த்து, "கறி வைக்கலாம்" என்றார். சாரே அதை எடுத்துப்போய் மற்றவர்களுக்குக் காட்டுவார். ஆனால் வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஆள் எடுக்கும் ஏஜென்டு டெஸ்ட் வைக்கிற நாள் வந்து, பைப்பில் தன் நம்பரைப் பார்த்துவிட்டால் அண்ணனுக்குக் கை உதறும். செதிள் எல்லாம் உதிர்ந்து, அவரும் காக்கா ஆகிவிடுவார்.

நாலாவது டெஸ்டில் அந்தப் பூவார்க்காரருக்கும் அவருக்கும் பைப்பு மாறிப்போனது. மாறிப்போனது என்று சொல்கிறேன், இரண்டு பேருமாகச் சேர்ந்து மாற்றினார்கள். பூவார்க்காரர் நம்பரில் அண்ணன் வைத்த வெல்டு அசையவில்லை. அவர் விமானம் ஏறினார். அண்ணன் ஐந்தாவது பேட்ச் சேர்ந்தார்.

எங்கள் டெஸ்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அண்ணன் என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டார். அடுத்த மாதம் அவருக்கு நாற்பத்தைந்து முடிகிறது. அதற்குமேல் ஏஜென்டு ஆளை எடுக்க மாட்டார். ஆகவே இதுதான் அவருக்குக் கடைசி டெஸ்ட். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"மக்கா, நம்ம ரெண்டு பைப்பையும் மாத்திருவோம்."

"அண்ணே, ஒங்களுக்கு இது கடைசியாக்கும்."

"எலே, எனக்க பேருல வச்சா பொட்டும். மூணு தடவ பாத்தாச்சு. பூவார்க்காரனுக்கு நின்ன மாதிரி ஒனக்க பேருல வச்சாலும் நிக்கும். ரெண்டு பேரும் தோக்கதுக்கு, ஒருத்தனாவது போ."

சரி என்றேன். என் நம்பர் ஏழு, அவர் நம்பர் எட்டு. டெஸ்ட் அன்று காலையில் சார் ஒவ்வொரு பைப்பிலும் சாக்குக்கட்டியால் நம்பர் எழுதி, அவரவர் நின்று வெல்டு வைக்கும் தடுப்புக்குள் வைத்துவிட்டு சாயா குடிக்கப் போவார். அந்த நேரத்தில் நான் இரண்டையும் அழித்து மாற்றி எழுத வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. அண்ணன் நம்பரைப் பார்க்கவே மாட்டார். "பாத்தா கை அறிஞ்சிரும். நீ மாத்தியாச்சுண்ணு சொன்னா போதும்" என்றார்.

மாற்றினேன். சத்தியமாக மாற்றினேன். எட்டை அழித்து ஏழு, ஏழை அழித்து எட்டு. எழுதி முடித்து நிமிர்ந்தபோது ரோட்டில் ஒரு போலீஸ் ஜீப் போனது. அது எல்லைச் செக்போஸ்ட்டுக்கு தினமும் போகிற ஜீப். எனக்கு அன்று அப்படித் தோன்றவில்லை. ஆள்மாறாட்டம், விலங்கு, துண்டால் முகத்தை மூடிய போட்டோ, சர்ச்சில் என் மனைவி உட்காரும் பெஞ்சில் பக்கத்தில் யாரும் உட்காராதது, எல்லாம் கண்முன் வந்தது. நாங்கள் இருப்பதோ இரண்டு மாநில எல்லையில். எந்த மாநிலத்து ஜெயிலில் போடுவார்கள், ஜாமீனுக்கு எந்தப் பாஷையில் மனு எழுதவேண்டும் என்பது வரைக்கும் போய்விட்டேன். திரும்ப ஓடினேன். அழித்தேன். எட்டை எட்டாகவும் ஏழை ஏழாகவும் எழுதினேன்.

அண்ணன் வந்தார். "மாத்தியாச்சா?"

தலையாட்டினேன்.

அவர் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். என் தோளைத் தட்டிவிட்டு எட்டாம் தடுப்புக்குள் போய், நம்பர் எழுதிய பக்கத்தைப் பார்க்காமல், கண்ணை மூடி ஜெபம் பண்ணி ஷீல்டை இறக்கினார். தடுப்புக்கு இந்தப் பக்கம் என்னால் அவர் ராடின் சத்தத்தைக் கேட்க முடிந்தது. எண்ணெயில் பப்படம் பொரிகிற மாதிரி ஒரே சீராக, நிற்காமல். என் ராடு இருமிக்கொண்டிருந்தது.

மத்தியானம் பரிசோதனை. பைப்பில் வெல்டு விழுந்த இடத்தை நாலு பட்டையாக அறுத்து, ஜாக்கியில் வைத்து, லாடம் மாதிரி வளைப்பார்கள். வெடிப்பு விழாவிட்டால் ஜெயம். ஏஜென்டின் பரிசோதகர் முதலில் ஏழாம் நம்பரை எடுத்தார். பாதிகூட வளையவில்லை. டப்பென்று துண்டாகி ஒன்று சாரின் காலடியில் விழுந்தது.

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மக்கா, எனக்க கை ஒன்னக் கொன்னுட்டே. ஒனக்க பேருலயும் பொட்டிட்டே."

நான் தோற்றதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. அந்த மனுஷன் அழுவதைப் பார்க்க முடியவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் பரிசோதகர் எட்டாம் நம்பரை ஜாக்கியில் வைத்துவிட்டார். அண்ணன் தலையைத் தூக்காமலே, பழக்கத்தில், "பொட்டும்" என்றார். பொட்டவில்லை. இரண்டாவது பட்டை. "பொட்டும்." வளைந்தது. மூன்றாவதுக்குச் சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. நாலாவதும் லாடம் மாதிரி வளைந்து நின்றது. பரிசோதகர் அண்ணனுடைய பாஸ்போர்ட் பெயரை வாசித்தார். யாருடைய பெயர் என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அண்ணன் எழுந்து வந்தார். என் சட்டையைப் பிடித்தார்.

"நீ மாத்தலியாலே?"

"இல்ல அண்ணே."

"எனக்காகவா? எனக்குக் கடைசியாக்கும்ணு, ஒனக்க விசாவக் களஞ்சிட்டு, எனக்காகவாலே?"

ஐயா, நான் என்ன செய்வேன்? சார் பார்க்கிறார், கூடப் படித்தவர்கள் பார்க்கிறார்கள், அந்தக் கண் இரண்டும் என்னைப் பார்க்கிறது. அன்றைக்கு இரண்டாவது தடவையாகத் தலையாட்டினேன்.

அத்தோடு முடிந்ததா? விமானம் ஏறுவதற்கு முந்தின ஞாயிறு, எங்கள் சர்ச்சில் சாட்சி சொல்ல எழுந்தார். "எனக்கக் கூடப்பொறந்தவன்கூட இப்பிடிச் செய்யமாட்டான். தனக்கு வரவேண்டிய விசாவ எனக்குத் தந்தான்" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம். பாஸ்டர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். கடைசியில் அண்ணன், "விமானம் பொட்டும்ணு நெனைக்கேன். ஆனாலும் போயிட்டு வாறேன்" என்று முடித்தார்.

என் மனைவிக்கு அன்றுதான் விஷயமே தெரியும். வீட்டுக்கு வந்ததும், "விசாவ தானம் பண்ணுனியளோ? ஆரக் கேட்டுப் பண்ணுனிய?" என்று பிடித்துக்கொண்டாள். இரண்டு வாரம் பேச்சில்லை. தாங்க முடியாமல் உண்மையைச் சொன்னேன், தியாகம் ஒன்றும் இல்லை, போலீஸ் ஜீப்பைப் பார்த்து பேடிச்சிட்டேன் என்று. அவள் எழுந்து வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"தானம்ணே இருக்கட்டு. வெளிய சொல்லாதிய" என்றாள்.

இப்போது குன்னத்துகாலில் ஒரு தகர ஷெட்டில் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிறேன். ஒவ்வொரு கேட்டையும் கொண்டுபோய் மாட்டிவிட்டு, ராத்திரியில் காற்றடித்தால் நான் தூங்குவதில்லை. வெள்ளிக்கிழமை அண்ணனுடைய கம்பெனிக்கு லீவு. அண்ணன் வீடியோவில் கூப்பிடுவார். முதலில், "வெல்டக் காட்டு" என்பார். ஃபோனைக் கிட்டே கொண்டுபோவேன். அங்கே தலை ஒரு பக்கமாகச் சாயும். பெருமூச்சு கடல் தாண்டி வரும்.

"பொட்டும்."

உடனே அந்த இடத்தை அரைத்து எடுத்துவிட்டு மறுபடி வெல்டு வைப்பேன். அதனால்தானோ என்னமோ, இன்றுவரை என் கேட்டு ஒன்றும் பொட்டியதில்லை. வேலை முடிந்ததும், "ஒனக்க புண்ணியத்துலயாக்கும் மக்கா எனக்கப் புள்ளைய சோறு தின்னுது" என்பார். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வாயெடுப்பேன். லைன் கட்டாகிவிடும். சில சமயம் நானே கட் பண்ணிவிடுவேன்.

இந்தப் பத்திரிகை அவர் இருக்கும் தொழிலாளர் முகாமுக்கும் போகிறதாம், யாரோ ஃபோனில் வாசித்துக் காட்டுவார்களாம். போன வாரம்தான் சொன்னார். பெஞ்சையும் பாலத்தையும் கல்யாண வளைவையும் பார்த்துச் சொன்ன அந்தச் சொல்லை, இத்தனை நாளில் எங்கள் இரண்டு பேரைப் பற்றி அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இதை வாசித்துவிட்டுச் சொல்லிவிடுவாரோ என்னமோ.

சொன்னால் சொல்லட்டும். வெள்ளிக்கிழமை கூப்பிட்டால் போதும், அண்ணே.