மேனிபோல்டுக்குப் போட்ட சாம்பிராணி

ராஜபாளையத்தின் தொழில் வரலாற்றைப் பஞ்சாலைக்கு முன், பின் என்று பிரிப்பது இனிச் செல்லாது. சோலைராஜ் தம் வீட்டு அடுப்படியில் கார் மேனிபோல்டைச் சுட்டெடுத்ததற்கு முன், பின் என்றே பிரிக்க வேண்டும்.

மேனிபோல்டு என்பது என்ஜினிலிருந்து சூட்டுப் புகையை சைலன்சருக்குக் கொண்டுபோகும் இரும்புக் குழாய்க் கொத்து. பானெட்டைத் திறந்தாலொழிய ஒருவர் கண்ணிலும் படாது. ஆகவே அதற்கு அழகு மிக அவசியம் என்று கண்டறிந்த சோலைராஜ், துருவைத் தேய்த்துவிட்டு, சூடு தாங்கும் வெள்ளிப் பெயிண்டை அடித்தார். அது இறுகிப் பிடிக்க ஓவனில் சுட வேண்டுமாம். வீட்டில் ஓவன் இருந்தது. அதில் அவர் மனைவி ஜெயசித்ரா கேக் சுட்டு விற்பது ஒரு சிறு ‘நிர்வாகச் சிக்கல்’.

அவள் பெயிண்ட் டப்பாவைப் பிடுங்கிப் படித்தாள். “சாப்பாடு செய்யுத ஓவன்ல வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கான்.”

“அது வெள்ளைக்காரனுக்குப் போட்டது. அவன் வீட்ல சாம்பிராணி உண்டா?”

“ஓவன் பக்கம் வந்தீய, நடக்குறதே வேற! ஸ்ரீவில்லிபுத்தூர் மிட்டாய்க்கடை ஆனந்தவல்லி அக்கா நாளைக்கு ஒரு கேக் கொண்டாரச் சொல்லியிருக்காவ. பிடிச்சா வாராவாரம் ஆர்டர்.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜெயசித்ரா தளவாய்புரத்தில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போன நேரம், மேனிபோல்டு ஓவனுக்குள் எழுந்தருளியது. முதலில் இளஞ்சூடு, பிறகு ஓய்வு, பிறகு முழுச்சூடு. கைக்குழந்தைக்குக்கூட அந்த வீட்டில் இப்படிப் பக்குவம் பார்த்ததில்லை.

“ஏலே, என்னலே எரியுது?” என்று இருமினாள் அவர் தாய் சண்முகத்தாய்.

“விஞ்ஞானம்மா.”

“செத்த சன்னலத் திறந்து வச்சுட்டு எரி.”

பெயிண்ட் வாடை போக, சாம்பிராணி போட்ட தூபக்காலை ஓவனுக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்தினார். மதியம் திரும்பிய ஜெயசித்ரா வாசனையை இழுத்துவிட்டு, வெள்ளிக்கிழமைதானே என்று நினைத்துக்கொண்டாள். கேக்கைச் சுட்டாள். பஸ் ஏறினாள்.

ஆனந்தவல்லி ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றாள்.

“ஏட்டி சித்ரா, இது வெட்டுத கேக்கா, கும்பிடுத கேக்கா?” மறுபடி மென்றாள். முகம் கோணியது. “உள்ளுக்க பெயிண்ட் வேற கசக்குதே! எம் பால்கோவா பக்கத்துல இதை வச்சா, உள்ள யாவாரமும் போயிரும்.”

ஆர்டர் போயிற்று. திரும்பி வந்தவளை, வெள்ளிபோல் மின்னும் மேனிபோல்டோடு வாசலிலேயே வரவேற்றார் சோலைராஜ்.

அவளுக்கு எல்லாம் விளங்கியது. “எம் பொழப்பச் சுட்டுட்டீயளே! கேக்குல பெயிண்ட் வாடைன்னு கடைக்கார அக்கா ஆர்டரே வேண்டாம்னுட்டாவ.”

“ஒரு வாடையும் இருக்காது ஏட்டி. நான் பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கேன்.”

“கடைக்காரிக்கு நாக்கு செத்துப்போச்சு” என்று தீர்ப்பளித்தாள் சண்முகத்தாய்.

ஜெயசித்ரா மிச்சக் கேக்கைத் தட்டில் வைத்துக் கணவர் முன்னால் நீட்டினாள்.

“அப்பத் தின்னுங்க.”

தம் கண்டுபிடிப்பின்மேல் அசையாத நம்பிக்கை கொண்ட அந்த மேதை, தட்டை மெல்லத் தள்ளி வைத்தார்.

“அது விக்கிறதுக்குச் செஞ்சதுல்லா? எனக்குன்னு ஒரு உடம்பு இருக்குல்லா?”