படுத்தே ஜெயிக்கும் வித்தை

இந்த வருஷம் கட்டிலை விட்டு இறங்குவதில்லை என்று ஆடி மாதமே சபதம் எடுத்துவிட்டேன்.

பதறாதீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. மாமியார் வருகிறார், அவ்வளவுதான்.

சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் சிவந்தால் போதும், கீழே சமவெளியில் என் மாமியாருக்கு மூக்கில் வேர்த்துவிடும். கார்த்திகையில் மலை ஏறுவார். தை முடியும்வரை எங்களோடு தங்கிப் பழம் பறிப்பார். மருதாயி என்று பெயர். நல்ல மனுஷி. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் கட்டில் விஷயத்தில்தான்.

நாகலூர் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் எஸ்டேட்டில் நான் சின்ன ரைட்டர். பெரிய ரைட்டர் ஒருவர் உண்டு. அவருக்குப் பென்சில் சீவுவது, அவர் தூங்கும்போது பேர் கூப்பிடுவது, அவர் விழித்ததும் திட்டு வாங்குவது என் உத்தியோகம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு ஓர் அறை. அதன் முன்னால் தகரம் போட்ட ஒரு சார்ப்பு. வீட்டில் சாமான் என்று பார்த்தால் ஒரே ஒரு கயிற்றுக் கட்டில், அதுவும் சார்ப்பில், என் முதுகுக்கு அடியில்.

போன வருஷம் மாமியார் வந்த அன்று அந்தக் கட்டில் அறைக்குள் போயிற்று. அம்மாவும் மகளும் உள்ளே. கதவு சாத்தப்பட்டது. மாப்பிள்ளை சார்ப்பில், தரையில், காப்பிச் சாக்கின் மேல். மார்கழியில் ஏற்காட்டு மூடுபனி சார்ப்புக்குள் நேராக வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும். காலையில் மீசையைப் பிழிந்தால் அரை டம்ளர் தண்ணீர் கிடைக்கும். மூன்று மாதம் கழித்து நான் நிமிர்ந்து நின்றபோது ‘ட’ எழுத்து மாதிரி இருந்தேன்.

சண்டை போட்டிருக்கலாமே என்பீர்கள். என் மனைவி அருக்காணியை நீங்கள் பார்த்ததில்லை. அவளுக்குக் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் வீட்டில் வேலை. தொட்டியில் ஊறின காப்பிக் கொட்டையை, வழுவழுப்புப் போக மிதித்துக் கழுவுகிறவள். மற்றவர்கள் வழுக்கி விழும் தொட்டியில் பத்து வருஷமாக நின்று மிதித்த கால்கள். அவள் பிடித்து இழுத்தால் கட்டில் வரும். நான் அதில் படுத்திருந்தாலும் வரும். ஒருமுறை வந்திருக்கிறது.

ஆகவே எனக்கு ஒரு வித்தை வேண்டியிருந்தது. அதைப் பிம்லி துரை கொடுத்தார்.

பிம்லி எங்கள் சின்னதுரை. இங்கே வருவதற்கு முன் பிரேசில் தேசத்தில் ஒரு காப்பித் தோட்டத்தில் இருந்தவர். பிரேசில் என்றால் காப்பி விளையும் இன்னொரு ஏற்காடு, குரங்கு கொஞ்சம் அதிகம் என்று நான் புரிந்துகொண்டேன். அங்கே ஜப்பான்காரர்களிடமிருந்து வந்த ஒரு குஸ்தியைத் துரை கற்றிருந்தார். ஜியு-ஜித்சு என்பார். லயத்து வாயில் அது நுழையவில்லை. சின்னதுரை குஸ்தி என்றே சொன்னோம்.

பழகிப் பார்க்க அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. பலசாலிகள் இரண்டு பேர் போய்க் கழுத்துச் சுளுக்கோடு திரும்பினார்கள். மூன்றாவதாக என்னைப் பிடித்தார். ஆபீசில் எனக்கு ஓட இடமில்லை.

“சென்றாயன், நீ படு.”

“எதுக்குங்க தொரை?”

“சண்டை போட.”

அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால் தோல்வி. இவர் குஸ்தியில் முதுகு மண்ணில் பட்ட பிறகுதான் ஆட்டமே ஆரம்பம். முப்பத்தைந்து வயதுவரை எனக்கு ஏன் எந்த வித்தையும் வரவில்லை என்று அன்றுதான் விளங்கியது. எல்லாவற்றையும் நின்றுகொண்டு கற்றிருக்கிறேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் காப்பி உலர்த்தும் களத்தில் வைக்கோல் சாக்குகளைப் பரப்பிப் பாடம் நடக்கும். படுத்திருப்பவனுக்கு இரண்டு காவல் உண்டு. எதிராளியின் இடுப்பைச் சுற்றிக் கால்களைப் பின்னிக்கொண்டால் அது பூட்டின காவல். பூட்டைத் திறந்து, பாதங்களை அவன் இடுப்பில் ஊன்றி, அவன் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் அது திறந்த காவல். அவன் கிட்டே வந்தால் காலால் தள்ள வேண்டும். விலகினால் கையால் இழுக்க வேண்டும். எந்தப் பக்கம் சுற்றினாலும் இடுப்பைத் திருப்பிப் பாதங்களை அவன் பக்கமே காட்ட வேண்டும். பாதத்தைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் நம் கதை முடிந்தது.

கேட்க எவ்வளவு சுலபம்! ஆனால் முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. என் கால் துரைமேல் பட்டது.

கால் பட்டால் நாம் என்ன செய்வோம்? தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். நானும் அதையே செய்தேன். ஒற்றிக்கொள்ளக் கையை விட்டேன். கையை விட்டதும் துரை என் நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்தார். மறுபடி ஆரம்பித்தோம். மறுபடி கால் பட்டது. மறுபடி ஒற்றிக்கொண்டேன். மறுபடி நெஞ்சின்மேல் துரை. ஒரு வாரத்தில் என் கண்ணும் நெஞ்சும் ஒன்றாக வீங்கிவிட்டன.

“நீ ஏன் கும்பிடு? சண்டை! கும்பிடு இல்லை!”

“கை தானா வருதுங்க தொரை. நீங்க படியளக்கற சாமி. உங்க மேல காலை வெச்சா எனக்குச் சோறு எறங்குமுங்களா?”

துரை யோசித்தார். ஆபீசுக்குப் போனார். ஒரு சீட்டு எழுதி, எஸ்டேட் முத்திரை குத்திக் கொண்டுவந்தார். “சென்றாயன் என்னைத் தினமும் ஐந்து முதல் ஆறு மணிவரை காலால் மிதிக்கலாம். இப்படிக்கு, பிம்லி.” எழுத்தில் வந்த பிறகு ரைட்டரால் மீற முடியுமா? சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மிதித்தேன். ஐப்பசியில் துரை என்னைச் சுற்றிச் சுற்றி வந்து முகம் சிவந்து, “குட்” என்றார். பாதத்தைத் தாண்ட அவரால் முடியவில்லை.

வீட்டிலும் கட்டிலில் பழகினேன்.

“ஏனுங்க, என்னத்துக்குங்க கரப்பாம்பூச்சி மாதர கெடக்கறீங்க?”

“வாயுவுக்கு நல்லது புள்ள.”

“நொம்ப நேரம் கெடக்காதீங்க. கோழி கொத்திப்போடும்.”

சிரித்துக்கொண்டேன். கேலி செய்யட்டும், கார்த்திகை வரட்டும் என்று இருந்தேன்.

கார்த்திகை வந்தது. மாமியாரின் கார்டும் வந்தது.

“ஏனுங்க, அம்மா ஞாயித்துக்கெழம வாராங்களாமா. கட்டலைத் தூக்கி ஊட்டுக்குள்ள போட்டறலாமுங்க.”

“போட முடியாது.”

“அம்மாவுக்குக் குளுரு ஆவாதுங்க.”

“எனக்கு மட்டும் ஆவுமா?”

“நீங்க ஆம்பளைங்க.”

பதினொரு வருஷமாக இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டே அவள் குடும்பம் நடத்துகிறாள். தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, சாக்குப் படுக்கை எல்லாமே ஆம்பளைக்குத்தான். கட்டில் மட்டும் பொம்பளைக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கட்டிலைச் சார்ப்பின் நடுவில் போட்டு மல்லாந்து படுத்தேன். பஸ் ஏற்காட்டில் ஒண்டிக்கடை நிறுத்தத்துக்கு வந்து, அங்கிருந்து வண்டி பிடித்து மாமியார் இங்கே வர உச்சிப்பொழுது ஆகிவிடும். அதுவரை தாக்குப்பிடித்தால் போதும். கட்டிலில் மாப்பிள்ளை படுத்திருப்பதைப் பார்த்துவிட்டால் எந்த மாமியாரும் வாய் திறந்து கேட்க மாட்டார்.

அருக்காணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

“எந்திரிங்க.”

“மாட்டேன்.”

கையைப் பிடிக்க வந்தாள். அதற்காகத்தானே காத்திருந்தேன்! அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்தேன். இரண்டு பாதத்தையும் இடுப்பில் ஊன்றினேன்.

“அடக் கருமமே! கட்டுன பொண்டாட்டி மேல காலை வெக்கறீங்களே, நல்லாருக்குதுங்களா?”

“இது கால் இல்ல புள்ள, காவல்.”

இழுத்தாள். கட்டில் ஒரு சாண் நகர்ந்தது. நான் நகரவில்லை. கையை உதறிக்கொண்டு இடது பக்கம் ஓடினாள். இடுப்பைத் திருப்பினேன். வலது பக்கம் ஓடினாள். திருப்பினேன். தலைமாட்டுக்குப் பாய்ந்தாள். கயிற்றில் சட்டை கிழியச் சுழன்றேன். அங்கேயும் அவளுக்குக் கிடைத்தவை என் இரண்டு பாதங்கள்தான்.

பக்கத்து வீட்டு அங்கப்பன் வெற்றிலையை மடித்தபடி வந்து நின்றான்.

“அண்ணி, குனிஞ்சு போங்க, குனிஞ்சு!”

“டேய் அங்கப்பா, நீ எந்தப் பக்கம்டா?”

“கட்டலு எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கமுங்கண்ணா.”

அருக்காணி மூச்சு வாங்கினாள். “சுடுதண்ணி கொண்டாந்து ஊத்தட்டுங்களா?”

“ஊத்து. குளுருக்கு நல்லது.”

கடைசியில் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தொட்டியில் நாள் முழுக்க மிதித்தும் களைக்காதவள், என் பாதங்களுக்கு முன்னால் களைத்து உட்கார்ந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கல்யாணமானதிலிருந்து நான் ஜெயித்த முதல் சண்டை அது. பிம்லி துரையும் பிரேசிலும் நீடூழி வாழட்டும் என்று மனதுக்குள் வாழ்த்தினேன்.

“அம்மா வாரதுக்குள்ள முடிச்சறோணும்னு பாத்தனே” என்று அவள் முணுமுணுத்தாள். அம்மாவுக்காகக் கட்டில் கேட்கிறவள் அம்மா வருவதற்கு ஏன் பயப்படுகிறாள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. ஜெயித்தவனுக்கு மூளை வேலை செய்யாது.

வண்டிச் சத்தம் கேட்டது. தலையில் மூட்டையோடு மாமியார் வந்து நின்றார். உச்சிப்பொழுதில், லயமே கூடி நிற்க, மாப்பிள்ளை மல்லாந்து கால்களை வானத்துக்குத் தூக்கியிருக்கும் காட்சியைக் கண்டார்.

“ஏஞ்சாமி, மாப்ளைக்கு என்னாச்சு?”

எழுந்து வணங்க வேண்டும். எழுந்தால் கட்டில் போயிற்று. காலையாவது மடக்க வேண்டும். மடக்கினால் அருக்காணி கணுக்காலைப் பிடித்துத் தரையில் இறக்கிவிடுவாள். வண்டிச் சத்தத்துக்கே எழுந்து, கால்மாட்டில் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடிதான் நின்றாள். எனவே கால்களை மேலேயே வைத்துக்கொண்டு கைகளை மட்டும் கூப்பினேன்.

“வாங்க அத்தை. நல்லாருக்கீங்களா?”

அருக்காணி என்னைப் பார்த்தாள். என் பாதங்களைப் பார்த்தாள். தன் அம்மாவைப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்துவிட்டது.

“கண்ணுபட்டுப் போச்சும்மா. காலு ரெண்டும் மேல போனது கீழ எறங்க மாட்டீங்குது. நீ உப்பு மொளகா சுத்திப் போடு. உன்ற கைக்குத்தான் கேக்கும். கட்டலைச் சுத்தி மூணு சுத்து வா.”

“வேண்டாமுங்க அத்தை! எனக்கு ஒண்ணுமில்லீங்க!”

“பாத்தியா, கண்ணு பட்டவங்க அப்படித்தான் சொல்லுவாங்க” என்றாள் அருக்காணி.

மாமியார் உப்பையும் மிளகாயையும் கையில் மூடிக்கொண்டு கால்மாட்டுக்கு வந்தார். என் இரண்டு பாதங்களும் அவர் முகத்துக்கு நேராக நின்றன. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அத்தைக்கு எதிரே நான் கால் நீட்டி உட்கார்ந்ததுகூட இல்லை. சட்டென்று பாதங்களைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். அவர் சுற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் வந்தார். வாசல் பக்கம் திருப்பினேன். அங்கேயும் வந்தார்.

எதிராளியை விட்டுப் பாதத்தை அகற்றாதே என்று துரை சொல்லிக்கொடுத்தார். பெரியவர்களைப் பார்த்துக் காலைக் காட்டாதே என்று என்னைப் பெற்றவள் சொல்லிக்கொடுத்தாள். இரண்டையும் ஒரே கட்டிலில் நிறைவேற்றப் பார்த்தேன். சட்டைப்பையில் துரையின் சீட்டு இருந்தது. அதில் மாமியார் பெயர் இல்லை.

“வெரசலா சுத்தும்மா. பொல்லாத கண்ணு!”

மாமியார் வெரசலாகச் சுற்றினார். நான் அவரைவிட வெரசலாகச் சுழன்றேன். முதல் சுற்றில் தலைக்குக் கிறுகிறுப்பு. இரண்டாவது சுற்றில் அங்கப்பன் மூன்று பேராகத் தெரிந்தான். மூன்றாவது சுற்றில் மாமியார் திடீரென்று திரும்பி எதிர்ப்பக்கமாக வந்தார். பாதங்களைக் காப்பாற்ற எகிறித் திரும்பினேன். அந்தப் பக்கம் கட்டில் முடிந்துவிட்டது.

தரையில் விழுந்த நான் கண்ணைத் திறந்தபோது கட்டில் இருந்த இடத்தில் நான்கு கால் தடங்கள் இருந்தன. கட்டில் அறைக்குள் போயிருந்தது.

மாமியார் உப்பு மிளகாயை அடுப்பில் போட்டார். லயமே தும்மியது. “நெடியே காணமே. நொம்பப் பெரிய கண்ணு” என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்தபடி என் பக்கம் வந்தார். “காலு எறங்கிப்போச்சுங்களா மாப்ளே?”

“எறங்கிப்போச்சுங்க அத்தை” என்றேன். தோற்றாலும் மரியாதை விடக்கூடாது. “கட்டில் உள்ள இருக்குதுங்க. நீங்க குளுராமப் படுத்துக்குங்க.”

“எனக்கென்னத்துக்குங்க கட்டலு? கவுத்துக் கட்டல்ல படுத்தா எனக்கு இடுப்புப் புடிச்சுக்குமுங்க. போன வருசமும் மூணு மாசம் அடுப்போரமாத் தரையிலதானுங்க படுத்திருந்தேன்.”

நான் மெல்ல எழுந்து போய்க் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். அருக்காணி கட்டிலில் கழுத்துவரை கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

“ஏனுங்க, குளுரு அடிக்குது. கதவைச் சாத்தீட்டுப் போங்க.”