தேடுபொறிக்கு நான் காட்டிக்கொடுத்த அசல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது. நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வருவதே முறை, விசாரித்துவிட்டதாகக் கொள்ளவும். இக்கடிதத்தில் உள்ளவை:

1. நடந்தது.
2. அதில் என் தவறு ஏதும் இல்லை என்பது.
3. உங்களிடம் ஒரு வேண்டுகோள்.

உங்கள் அத்தையின் தையல் குறிப்பு இணையதளத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நான் ஒரு பிரதி வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன், கை சும்மா இருக்காது. "துணியப் புடிச்சு இழுக்காதடி, அது உன் நாத்தனார் முடி இல்ல" என்று அவள் எழுதியதை, "துணியை இழுக்காமல் தைக்கவும்" என்று பிரதியில் திருத்தினேன். ஒரே விஷயம் இரண்டு முகவரியில் கிடந்தால் எதைக் காட்டுவதென்று தேடுபொறி குழம்பும், பிரதியின் தலைப்பகுதியில் கனானிக்கல் டேக் என்று ஒரு வரி சேர்த்து அசலின் முகவரியைக் கொடுங்கள் என்று போனில் சொன்னீர்கள். "எது அசலோ அதக் காட்டணும் மாமா, அவ்வளவுதான்" என்றீர்கள். அச்சகத்தில் திருத்திய படிதான் அச்சுக்குப் போகும். திருத்தாததைக் கசக்கிப் போடுவோம். ஆகவே நான் திருத்தியதே அசல் என்று, அவளுடைய நாற்பத்திரண்டு பக்கங்களிலும் அந்த வரியைச் சேர்த்து என் பிரதிகளின் முகவரியைப் போட்டு, மூன்று முறை சரிபார்த்தேன்.

சில வாரங்களில் தேடலில் அவள் பக்கங்கள் மறைந்து என்னுடையவை வந்தன. ஒரு வாசகி எழுதியிருந்தாள்: "அக்கா, எங்க போனீங்க? இப்ப யாரோ ஆபீஸ் சுற்றறிக்கை மாதிரி எழுதுறாங்க. ஊசியப் புடிக்கவே தோணல." அதைப் படித்துவிட்டு அத்தை திட்டவில்லை மாப்பிள்ளை, திட்டியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். "நீங்க எழுதுறதுதான் சரி போல. நீங்களே எழுதுங்க" என்றாள். பதினொரு நாளாக ஒரு வரி எழுதவில்லை. கணினி முன் உட்காருகிறாள், உடனே அடுப்பைப் பார்க்க எழுந்துவிடுகிறாள். அடுப்பில் ஒன்றும் இருப்பதில்லை.

ஞாயிறன்று தற்செயலாக வந்தவர் போல வந்து இதை மாற்றிக்கொடுங்கள். என் மகளிடம் சொல்ல வேண்டாம். "அம்மாவத் திருத்துறதே வேலையாப்பா உங்களுக்கு?" என்பாள்.

இருவரும் நன்றாயிருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,
மாமா.

பி.கு.: வர வேண்டாம். உறையை ஒட்டுமுன் நானே முயன்றேன். அவள் பக்கங்களிலிருந்து அந்த வரியை எடுத்து, என் பிரதிகளில் அவள் முகவரியைப் போட்டேன். அதற்காக நாற்பத்திரண்டையும் படிக்க நேர்ந்தது. பேனா இல்லாமல் அவளைப் படித்தது இதுவே முதல் தடவை. பாதியில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "என்னத்தப் பாத்து இப்படிச் சிரிக்கிறீங்க?" என்று வந்தாள். வாசித்துக் காட்டினேன். "நகருங்க, காலர் பத்தி ஒண்ணு எழுதணும்" என்று நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டாள். இதை நின்றுகொண்டு எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுக்கவும். எண் 2 தவறு. நீக்கிப் படிக்கவும்.