பூஜ்யத்தால் வகுபட்ட பயிற்சியாளர்

மனிதகுலத்தின் முதல் சாதனை நெருப்பு. இரண்டாவது சக்கரம். மூன்றாவது, எங்கள் கால்பந்து கிளப்பின் ‘பயிற்சியாளர் ஒப்பீட்டுக் குழு’ கண்டுபிடித்த சூத்திரம். குழுவின் செயலாளர் என்ற முறையில், அடக்கத்தோடுதான் சொல்கிறேன்.

அடுத்த பருவத்துக்குப் பயிற்சியாளர் நாற்காலி ஒன்று. போட்டிக்கு இருவர். முதலாமவர், சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு அணியை நடத்திய ‘விசில்’. ஆட்டக்காரர்களை வாங்க ஒரு காசு செலவழிக்காதவர். பால் வேன் டிரைவர் கிரேட்டுகளை வீசிப் பிடிக்கிற லாவகத்தைப் பார்த்து, அவரையே கோல்கீப்பராக்கியவர். எடுத்த புள்ளிகள் ஐம்பத்தெட்டு. இரண்டாமவர், கிளப் தலைவரின் மாப்பிள்ளை. சென்ற ஆண்டு நாற்பது கோடிக்கு ஆட்டக்காரர்களை வாங்கி, நாற்பத்தொரு புள்ளிகள் எடுத்தவர்.

“செலவையும் பாரு, செலவையும் பாருன்னு பத்திரிகைக்காரங்க கத்துறாங்க,” என்றார் தலைவர். “பார்த்துடுவோம்யா. விஞ்ஞானம்னா நமக்கென்ன பயமா?”

புள்ளிகளைக் கோடிகளால் வகுத்தோம். மாப்பிள்ளைக்கு 1.025. மூன்று தசம இடங்கள்! குழு எழுந்து நின்று கைதட்டியது. அடுத்து, விசிலின் ஐம்பத்தெட்டைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொல்லிப் பட்டனைத் தட்டினேன். திரையில் சிவப்பாக வந்து நின்றது: ‘பிழை’.

“என்னய்யா சொல்லுது?”

“பிழைன்னு சொல்லுதுங்க.”

“யாரோட பிழை?”

“அதைச் சொல்லலீங்க.”

“விசில் பேருக்கு நேராத்தானே வந்திருக்கு? அப்புறம் என்னய்யா சந்தேகம்?”

மாப்பிள்ளை பெருந்தன்மைக்காரர். “விடுங்க மாமா, பாவம். தெரியாமப் பண்ணியிருப்பாரு,” என்றார்.

குழுவினர் ஐந்து பேரும் தீர்மானத்தில் கையெழுத்திட்டோம். விசிலை அழைத்து நானே வாசித்துக் காட்டினேன்.

“நான் செலவே பண்ணலையேங்க?”

“அதுதான் சார் பிழை. கொஞ்சமாவது தொலைச்சிருந்தா விடை வந்திருக்கும்.”

அவர் கழுத்தில் தொங்கிய விசிலைத் தூக்கிக் காட்டினார். “இது நான் வாங்கினது. இதையாவது சேர்த்துக்குங்களேன். இருபது வருஷமா இந்த மைதானத்தை விட்டா எனக்கு வேற எதுவும் தெரியாதுங்க.”

“சொந்தக் காசுல வாங்கினதுக்கு விதியில இடமில்லையே.”

பந்து அறைச் சாவியை என் கோப்பின் மேல் வைத்துவிட்டு, பக்கத்து ஊர் அணிக்குப் போய்ச் சேர்ந்தார். பால் வேனும் பின்னாலேயே போனது.

“செலவு கூடினா விடை இன்னும் துல்லியமா வரும் மாமா,” என்றார் மாப்பிள்ளை. தலைவர் இன்னொரு இருபது கோடி ஒதுக்கினார்.

புதிய பருவத்தில் ஒன்பது ஆட்டங்கள் முடிந்துவிட்டன. ஒன்பதிலும் தோல்வி. ஒன்பதாவது ஆட்டம் பக்கத்து ஊரோடு. எங்கள் புது முன்கள வீரர் உதைத்த பெனால்டியைப் பால் வேன் டிரைவர் லாவகமாகப் பிடித்து, பால் பாட்டிலை வைப்பதுபோல் தரையில் பத்திரமாக வைத்தார்.

நேற்று குழு அவசரமாகக் கூடியது. “சூத்திரத்தைப் போடுய்யா,” என்றார் தலைவர். சுருதி இறங்கியிருந்தது.

மேலே புள்ளிகள் பூஜ்யம், கீழே இருபது கோடி. இந்த முறை கணினி முரண்டு பிடிக்கவே இல்லை. பூஜ்யம் கீழே இருந்தால்தான் அதற்குக் குழப்பம். மேலே இருந்தால் பளிச்சென்று பதில் சொல்லிவிடுகிறது.

“மறுபடியும் பிழைன்னு காட்டுதாய்யா?” என்றார் தலைவர், நம்பிக்கையோடு.

“இல்லீங்க,” என்றேன். “அது நாம அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்ட தாள்ல இருக்கு.”