நண்டின் ஒரு நாள் விடுப்பு

ஒரு காட்டில் தரை பாதி நாள் தண்ணீருக்குள் இருந்தது. மீதி நாள் சேறு. கடலும் நிலமும் பாகம் பிரிக்காத இடம். அலையாத்திக் காடு என்பார்கள். எந்த ஊர் என்று கேட்க வேண்டாம், கதைக்குத் தேவையில்லை.

அங்கே வேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். மூச்சு விடுவதற்காம். அலை மிடுக்காக உள்ளே வரும். ஆயிரம் வேரில் முட்டி மோதி, காட்டைத் தாண்டும்போது கால் கழுவுகிற தண்ணீராகியிருக்கும். பின்னால் மேட்டில் மான், முயல், மயில் எல்லாம் சுகமாக இருந்தன. ஏன் சுகமாக இருக்கிறோம் என்று ஒன்றும் யோசிக்கவில்லை. சுகமாக இருக்கிறவன் எதற்கு யோசிக்கிறான்.

மேட்டுக்குத் தலைவர் சபாநாயகம் என்ற நரி. கைப்பேசி வைத்திருந்தார். நரி பேசினால் நம்புகிறீர்கள், கைப்பேசி என்றால் மட்டும் விழிக்கிறீர்கள். மேலே கேளுங்கள்.

வாசலில் நின்று படம் எடுத்தால் பின்னால் கடல் தெரியவில்லை, வேர்தான் தெரிகிறது என்பது அவர் குறை. வேரையெல்லாம் வெட்டி, காற்று வாங்க மேடை கட்டுவதாகத் தீர்மானம் போட்டார். வெட்ட எலிகள் தயார். காட்டில் குடியிருப்பவர்களுக்கு மறுப்பு இருந்தால் படிவத்தில் தெரிவிக்கலாம் என்றும் அறிவித்தார். முறை என்று ஒன்று இருக்கிறதே.

காட்டில் அஞ்சலை என்று ஒரு நண்டு. வயிற்றடியில் முட்டை. குஞ்சுகள் கடலுக்குப் போய்த் திரும்பினால் ஒண்டுவதற்கு அந்த வேர்தான் வீடு. மீன் குஞ்சுக்கும் இறாலுக்கும்கூட அதுதான். பதறிப்போய் வரிசையில் நின்றாள். நண்டு பக்கவாட்டில்தான் நகரும். நாலு தடவை வரிசையை விட்டே வெளியே போய், மறுபடி கடைசியில் நின்று, ஒருவழியாகப் படிவம் வாங்கினாள்.

அதில் ஒரே கேள்வி. பத்து ஆண்டுகளில் மேட்டில் புயலால் எத்தனை வீடு இடிந்தது?

அஞ்சலைக்குப் பெருமை தாங்கவில்லை. ஒன்றுகூட இல்லை என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.

நரி படித்தார். "ஒண்ணுகூட இல்லையாம்மா? அப்போ இந்தப் பக்கம் புயலே வர்றதில்லை. காவல் எதுக்கு?"

மறுப்பு தள்ளுபடி. மழைக்காலம் முடிந்ததும் வெட்டு.

அஞ்சலை திரும்பி வந்து பக்கத்து வளை கோவிந்தனிடம் சொன்னாள். அவர் உளுவை மீன். தண்ணீரில் நீந்துவார், சேற்றில் தாவுவார், இரண்டு பக்கமும் பார்த்தவர். பத்து வீடு இடிந்ததாக எழுதியிருக்கலாமே என்றார். அஞ்சலை சேற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

நரி ஒரு காலத்தில் படகு விட ஆசைப்பட்டு, கடலிலிருந்து தன் வாசல் வரை காட்டைக் கிழித்து நேராக ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தார். படகு வரவில்லை. வாய்க்கால் தங்கிவிட்டது. அலை ஏறும்போதெல்லாம் கடல் அதன் வாயைத் திறக்கும். வடிந்ததும் நண்டுகள் சேறு தள்ளி அடைக்கும். யாரும் சொல்லாத வேலை. யாருக்கும் தெரியாத வேலை.

கார்த்திகையில் வானம் கறுத்தது. அஞ்சலை மறுபடி வரிசையில் நின்று ஒரு விண்ணப்பம் நீட்டினாள். நண்டுகள் அனைவருக்கும் நாளை ஒரு நாள் விடுப்பு.

நரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பார்க்கிற வேலையே இல்லை. இதுல லீவு வேறயா?" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை புயல் அடித்தது. வேர்கள் வழக்கம்போல் நின்றன. மேட்டில் மானுக்குக் காது நனைந்தது. முயலுக்கு அதுவும் இல்லை. வாய்க்கால் வாயில்தான் ஆள் இல்லை. கடல் நேராக நரி வீட்டுக்குள் போனது. பாயை நனைத்து, தீர்மானத்தைக் கரைத்து, கைப்பேசியை எடுத்துக்கொண்டு மரியாதையாகத் திரும்பியது. நரி பரண்மேல் இருந்தபடி, வேர் இல்லாத வழியில் மட்டும் கடல் வந்து போனதைப் பார்த்தார்.

கோவிந்தனுக்குச் சங்கடம். இது தப்பில்லையா அஞ்சலை என்றார்.

"வேலை பார்த்தா யார் கண்ணுக்கும் தெரியாதுண்ணே," என்றாள் அவள். "லீவு போட்டாத்தான் தெரியும்."

தெரிந்தது. அடுத்த வாரமே புதுத் தீர்மானம். மேடை கிடையாது. வேரைத் தொட்டால் தண்டனை. அலையாத்தி நம் உயிர் என்று நரி அரை நாள் பேசினார். மயிலின் கைப்பேசியை இரவல் வாங்கிப் படமும் எடுத்துக்கொண்டார், பின்னால் வேர் நன்றாகத் தெரியும்படி. வெட்ட வந்த எலிகளே நாற்று நட்டன.

அஞ்சலையின் குஞ்சுகள் திரும்பி வந்து வேருக்கு நாலாக ஒண்டின. அந்த வாய்க்காலிலும் நாற்று நட்டு ஒரேயடியாக மூடிவிடலாமே என்று கோவிந்தன் கேட்டார். அஞ்சலை வேண்டாம் என்றுவிட்டாள். அடுத்த கார்த்திகைக்கு விண்ணப்பம் எழுதி வைத்தாயிற்று.

நீதி: ஒழுங்காக வேலை பார்க்கிறவன் ஆண்டுக்கு ஒரு நாளாவது, நல்ல புயலாகப் பார்த்து, விடுப்பு எடுக்க வேண்டும்.